லெபோ லைட்டிலிருந்து விஸ்மா புத்ராவுக்கு: வழக்கறிஞர் தூதராவது எப்படி?

கேள்வி கேட்டவர் பினாங்கில் வழக்காடும் 29 வயது வழக்கறிஞர். வழக்கறிஞராவதற்கான சேம்பரிங் பயிற்சி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும் சிவில் வழக்குகள், லெபோ லைட் உயர் நீதிமன்றம். வெளியுறவுச் சேவைக்கு, அதாவது வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்கு, மாறினால் என்ன என்று யோசிக்கிறார். உள்ளே நுழையும் வழி எது, சட்டப் படிப்புக்கு அங்கே என்ன மதிப்பு, தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழ் எங்காவது உதவுமா, பிடிக்காவிட்டால் நீதிமன்றத்துக்குத் திரும்ப முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நான்கு ஆண்டுகளில் நீங்கள் கற்றதில் பாதி அங்கே பெரிய முதல், மறுபாதி சுமை. தேதி பார்த்துக் காகிதத்தை அடுக்குவது, ஒரு வாக்கியத்தை மூன்று விதமாகப் படித்துப் பார்ப்பது, எதிர்த்தரப்பு சொல்லாமல் விட்டதைக் கவனிப்பது, இதெல்லாம் முதல். “கடைசியில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்வார்” என்ற நம்பிக்கைதான் சுமை. நாடுகளுக்கு மேலே அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை. ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றம்கூட, ஏதாவது ஒரு வகையில் இரு நாடுகளும் சம்மதம் தந்திருந்தால்தான் வழக்கைத் தொடும். தீர்ப்பு வாங்கித் தர ஆளில்லாத இடத்தில் வாதாடுவது வேறு தொழில். நீங்கள் பார்க்கப்போகும் வித்தியாசங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து முளைப்பவை.

(கோலாலம்பூர் நீதிமன்றக் கட்டடம் இருக்கும் சாலைக்கு 2014இல் துவாங்கு அப்துல் ஹலிம் பெயர் வைத்தும், டாக்சிக்காரர் முதல் நீதிபதி வரை இன்னும் ஜாலான் டூத்தா என்றுதான் சொல்கிறார்கள். டூத்தா என்றால் தூதர். நம் ‘தூது’க்கும் அதற்கும் வேர் ஒன்றே. வழக்கறிஞர்கள் தினமும் தூதர் தெருவில்தான் கார் நிறுத்த இடம் தேடுகிறார்கள்.)

இனி வழிகள். நேர்வழி பிடிடி எனப்படும் நிர்வாக, அரசதந்திரச் சேவை. பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏவின் இணையப் பதிவில் விண்ணப்பிக்க வேண்டும். மலேசியக் குடியுரிமை, இளங்கலைப் பட்டம், எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட், இவை மூன்றும் அடிப்படை. பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம்; சட்டம் படித்தவருக்குத் தனிச் சலுகை கிடையாது. பழைய எம்41 என்ற நுழைவுத் தரம், 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சம்பள முறையில் எம்9 ஆகியிருக்கிறது. பழைய கையேடுகளை வைத்துக்கொண்டு தேடினால் குழப்பம்தான் வரும். எழுத்துத் தேர்வு, பிறகு ‘பேக்’ என்று எல்லாரும் சொல்லும் மதிப்பீட்டு மையம், கடைசியில் நேர்முகம். பேக்கில் குழு விவாதம், மேடைப்பேச்சு, உடல்தகுதி எல்லாம் உண்டு. வழக்கறிஞர்கள் அதிகமாகச் சறுக்குவது குழு விவாதத்தில்தான். ஆறு பேர் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டிய இடத்தில், மற்ற ஐந்து பேரையும் குறுக்கு விசாரணை செய்துவிட்டு வெளியே வருவார்கள். யார் வென்றார் என்று மதிப்பிடுபவர் பார்ப்பதில்லை. குழுவை முடிவுக்குக் கொண்டுவந்தவர் யார் என்று பார்க்கிறார்.

தேறியவர்களுக்கு இந்தான் எனப்படும் தேசியப் பொது நிர்வாகக் கழகத்தில் பயிற்சி. இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று: பிடிடி ஆனாலே விஸ்மா புத்ரா என்று அர்த்தமில்லை. அதே சேவையில்தான் நிதியமைச்சு, உள்துறை, மாவட்ட அலுவலகம் எல்லாம் அடக்கம். வெளியுறவுக்குப் போனவர்களுக்கு, 1991இல் தொடங்கிய ஐடிஎஃப்ஆர் என்ற அரசதந்திரப் பயிற்சிக் கழகத்தில் தனிப் பயிற்சி உண்டு. மூன்றாம் செயலாளர், இரண்டாம் செயலாளர், முதல் செயலாளர், கவுன்சிலர், அமைச்சர்-கவுன்சிலர், தூதர் என்பது ஏணி. வெளிநாட்டில் பொதுவாக மூன்றாண்டு, பிறகு புத்ராஜெயாவில் சில ஆண்டு, மறுபடி வெளியே. உங்கள் வாழ்க்கைத்துணையின் வேலை, பிள்ளைகளின் பள்ளி இரண்டையும் இந்த ஊஞ்சல் ஆட்டும். இதை வீட்டில் பேசாமல் விண்ணப்பிக்காதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வரி. 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாகச் சேருபவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, ஊழியர் சேமநிதிதான். “கவர்மென்ட் வேலை, பென்ஷன் உண்டு” என்று அம்மா சொன்னால், அது அவர் காலத்துக் கணக்கு.

இரண்டாவது வழி சட்டத்துறைத் தலைவர் அலுவலகம். அது வேறு சேவை, வேறு ஆணையம். பிடிடி நியமனம் கூட்டரசு அரசியலமைப்பின் 139ஆம் பிரிவின் கீழ் வருகிறது; நீதி, சட்டச் சேவை 138ஆம் பிரிவின் கீழ். ஒன்றில் சேர்ந்துவிட்டு மற்றதற்கு ‘டிரான்ஸ்ஃபர்’ கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு நுழையாதீர்கள். இங்கேதான் உங்கள் மனத்தை நீங்களே சோதிக்க வேண்டும். 145ஆம் பிரிவின்படி அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் கடமை சட்டத்துறைத் தலைவருடையது. ஆகவே ஓர் உடன்படிக்கையின் வாசகத்தை வரி வரியாக அலசும் வேலை பெரும்பாலும் அந்த அலுவலகத்தின் அனைத்துலக விவகாரப் பிரிவில் நடக்கிறது. விஸ்மா புத்ராவில் இருப்பவர் அந்த உடன்படிக்கை நமக்கு வேண்டுமா, எப்போது வேண்டும், எதிர்த்தரப்பு எதை விட்டுக்கொடுக்கும் என்று பார்ப்பவர். சட்டம்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் விஸ்மா புத்ரா உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். சட்டம் ஒரு கருவி, நாடுகள்தான் சுவாரசியம் என்றால் பிடிடி சரி. என் கணிப்பில், இப்படிக் கேட்கும் வழக்கறிஞர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவது வழிதான். ‘தூதர்’ என்ற சொல்லின் பளபளப்பு முதலாவதன் பக்கம் இழுக்கிறது.

வேறு வாசல்களும் உண்டு. ஐநாவின் இளம் தொழில்முறையாளர் தேர்வுக்கு வயது 32ஐத் தாண்டக்கூடாது; உங்கள் நாடும் உங்கள் துறையும் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்றாண்டுதான் இருக்கிறது. கோலாலம்பூரிலேயே, ஜாலான் சுல்தான் ஹிஷாமுடின் சுலைமான் கட்டடத்தில் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் இருக்கிறது. 1978இல் ஆசிய-ஆப்பிரிக்கச் சட்ட ஆலோசனை அமைப்பின் ஏற்பாட்டில் வட்டார மையமாகத் தொடங்கியது. வழக்கறிஞராக இருந்துகொண்டே எல்லை தாண்டிய வேலையைத் தொட்டுப் பார்க்க அது நல்ல இடம். அப்புறம் பினாங்குக்காரர்களுக்குப் பழக்கமான கௌரவ கான்சல் பதவி, அதாவது வேறொரு நாட்டுக்காக உள்ளூரில் தூதரக வேலை பார்ப்பது. கான்சல்கள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் மூன்றாம் அத்தியாயம் அதற்கானது. தொழிலை விடாமல் இதைச் செய்யலாம். ஆனால் உள்ளூர்க் குடிமகனாக இருந்துகொண்டு கௌரவ கான்சலானால், சட்ட விலக்குரிமை அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே. கார் கண்ணாடியில் ஒட்டிய ‘சிசி’ (கான்சல் குழு) ஸ்டிக்கர் சம்மனை நிறுத்தாது. இது 29 வயதில் தேடிப் போகும் பதவியும் அல்ல. ஊரில் பெயரும் தொடர்பும் சேர்ந்த பிறகு, ஒரு நாடு உங்களைத் தேடி வர வேண்டும்.

திரும்பி வர முடியுமா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வழக்கறிஞர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும், தொழில் சான்றிதழ்தான் போகும். 1976ஆம் ஆண்டுச் சட்டத் தொழில் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வேறொருவரிடம் வழக்கறிஞரல்லாத பொறுப்பில் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குத் தொழில் சான்றிதழ் இல்லை என்கிறது. அரசதந்திரி ஆனபின் வெளிநாட்டில் பகுதிநேரமாகச் சட்ட ஆலோசனை சொல்லிச் சம்பாதிக்கலாமா என்றால் அதுவும் முடியாது. தூதர்கள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 42ஆம் பிரிவு, சொந்த லாபத்துக்காக எந்தத் தொழிலையும் வணிகத்தையும் தூதர் செய்யக்கூடாது என்று கதவைச் சாத்துகிறது. அதையும் மீறிச் செய்தால், 31ஆம் பிரிவின்படி அந்தத் தொழில் தொடர்பான சிவில் வழக்கில் விலக்குரிமையும் கிடையாது. ஆக இரண்டு படகில் கால் வைக்க வழியில்லை. பத்தாண்டு கழித்துத் திரும்பினால் சான்றிதழ் கிடைத்துவிடும், கட்சிக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள்.

இனி வேலை என்னவென்று பார்க்கலாம். முதல் சில ஆண்டு நீங்கள் ஒரு நாட்டுக்கோ ஒரு விஷயத்துக்கோ ‘டெஸ்க்’ அதிகாரி. அமைச்சர் யாரையோ சந்திக்கிறார் என்றால் அவருக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுத வேண்டும்: எதிரில் உட்காருபவர் யார், என்ன கேட்பார், நாம் என்ன கேட்க வேண்டும், எதைப் பேசக்கூடாது. வழக்கறிஞர் எழுதும் முதல் குறிப்பு எட்டுப் பக்கம் இருக்கும், இரண்டு தரப்பு வாதமும் இருக்கும், முடிவு மட்டும் இருக்காது. “இருப்பினும்”, “மறுபுறம்” என்று முடியும். மேலதிகாரி பச்சை மையில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். பரிந்துரை முதல் பத்தியில் வர வேண்டும், காரணம் பிறகு. அமைச்சுக்குள் எழுதுவது மலாயில். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடிப் பழகியவர்கள் இங்கேதான் முதலில் திணறுவார்கள்.

ஆனால் உங்கள் காகிதப் பழக்கம் இங்கே எவ்வளவு பெறும் என்பதற்கு இந்த நாட்டின் இரண்டு தீவு வழக்குகளே சாட்சி. இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சிப்பாடான், லிகித்தான் தீவுகள் யாருக்கு என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் 1997இல் ஒப்பந்தம் போட்டு ஹேக் போயின. 2002 டிசம்பர் 17 அன்று 16க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு நமக்கு வந்தது. பழைய காலனி ஒப்பந்தங்களை வைத்து இரு தரப்பும் சொன்ன உரிமை எதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்றது எதை? வடபோர்னியோவின் பிரிட்டிஷ் நிர்வாகம் 1917இல் போட்ட ஆமைப் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் ஆமை முட்டை எடுப்பதை ஒழுங்குபடுத்தியது, 1933இல் சிப்பாடானைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, 1962, 1963இல் கட்டிய கலங்கரை விளக்கங்கள். முட்டைக்கு உரிமம் கொடுத்த ஏதோ ஒரு குமாஸ்தாவின் கோப்பு, எண்பது ஆண்டு கழித்து ஒரு தீவையே வாங்கிக் கொடுத்தது. கூடவே நீதிமன்றம் கவனித்த இன்னொன்று: இதெல்லாம் நடந்தபோது எதிர்த்தரப்பு ஒரு தடவைகூட ஆட்சேபிக்கவில்லை.

பத்து பூத்தே என்ற பாறைத் தீவில் அதே கத்தி நம் பக்கம் திரும்பியது. 1953 ஜூன் 12 அன்று சிங்கப்பூரின் காலனிச் செயலாளர் அலுவலகம், அந்தப் பாறையின் நிலை என்னவென்று ஜொகூரைக் கேட்டு எழுதியது. செப்டம்பர் 21 அன்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர், அந்தப் பாறையின் உடைமையை ஜொகூர் அரசாங்கம் கோரவில்லை என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். 2008 மே 23 அன்று ஹேக் நீதிமன்றம், ஆதியில் அந்தத் தீவு ஜொகூர் சுல்தானகத்துடையதே என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்தக் கடிதத்துக்குப் பெரிய எடை கொடுத்து, பின்னாளில் சிங்கப்பூர் நடந்துகொண்ட விதத்தையும் நம் பக்கத்து மௌனத்தையும் சேர்த்துப் பார்த்து, 12க்கு 4 என்று சிங்கப்பூருக்குக் கொடுத்தது. அருகிலிருந்த நடுப்பாறைகள் நமக்கு வந்தன. சட்டத்தில் ‘உடைமை’ வேறு, ‘இறையாண்மை’ வேறு என்று நம் தரப்பு வாதிட்டுப் பார்த்தது, எடுபடவில்லை. வழக்கறிஞர் கண்ணுக்கு இது உடனே புரியும்: ஏன் கேட்கிறார்கள் என்று கேட்காமல் பதில் எழுதக்கூடாது. சிங்கப்பூர் எப்படி நடந்துகொண்டது என்பதையும் பாருங்கள். 1979 டிசம்பரில் மலேசியா வெளியிட்ட வரைபடத்தில் அந்தத் தீவு நம் எல்லைக்குள் இருந்தது. 1980 பிப்ரவரி 14 அன்று சிங்கப்பூர் ஆட்சேபக் குறிப்பு அனுப்பிவிட்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தகராறு தொடங்கிய நாளாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டதும் அந்தத் தேதியைத்தான்.

அந்த ஆட்சேபக் குறிப்பைத்தான் ‘நோட் வெர்பால்’ என்கிறோம். நீங்கள் அனுப்பும் வக்கீல் நோட்டீசுக்கு அது அண்ணன். படர்க்கையில் எழுத வேண்டும்: “மலேசியத் தூதரகம் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு…” என்று தொடங்கி, “மிக உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிப்படுத்துகிறது” என்று முடியும். முழுக் கையெழுத்து இல்லை, சுருக்கொப்பமும் முத்திரையும்தான். உள்ளே இருக்கும் செய்தி “உங்கள் கப்பல் எங்கள் கடலில் நின்றது” என்றாலும் முதல் வரியும் கடைசி வரியும் மாறாது. புதிதாக வரும் வழக்கறிஞர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். அந்த மரியாதைச் சட்டகம் இருப்பதால்தான் நடுவில் எவ்வளவு கடுமையானதையும் வைக்க முடிகிறது. 2009 மே 6 அன்று மலேசியாவும் வியட்நாமும் தென்சீனக் கடலின் கண்டத்திட்டு குறித்து ஐநா ஆணையத்தில் கூட்டாக விண்ணப்பம் வைத்தன. மறுநாளே சீனா குறிப்பு அனுப்பியது. தான் உரிமை கோரும் கடற்பரப்பைக் காட்டும் ஒன்பது கோட்டு வரைபடத்தை இணைப்பாக வைத்தது. பதினைந்து ஆண்டுக்கு மேலாக இந்த வட்டாரம் பேசிக்கொண்டிருப்பது அந்த இணைப்பைப் பற்றித்தான்.

நீதிமன்றத்தில் பேசாமல் இருப்பது சில நேரம் நல்ல உத்தி. இங்கே பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள். பேசினாலும் ஆபத்து உண்டு. 1990 டிசம்பரில் டோஹாவில் கத்தார், பஹ்ரைன் வெளியுறவு அமைச்சர்கள் ஒரு கூட்டக் குறிப்பில் கையெழுத்திட்டார்கள். அது வெறும் ‘மினிட்ஸ்’, உடன்படிக்கை என்று நினைத்துக் கையெழுத்திடவில்லை என்று பஹ்ரைன் பின்னால் சொன்னது. 1994இல் ஹேக் நீதிமன்றம், கடமைகளைப் பட்டியலிட்டு இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருப்பதால் அது உடன்படிக்கையே என்றது. ஆகவே கூட்டம் முடிந்து சாப்பிடப் போகும் அவசரத்தில் எதிர்த்தரப்பு நீட்டும் இரண்டு பக்கத்தை உட்கார்ந்து படிப்பவர் நீங்களாக இருக்க வேண்டும். கட்டுப்படுத்தும் வினைச்சொல் எங்கே இருக்கிறது, எங்கே வெறும் விருப்பம், “ஒப்புக்கொள்கின்றன” என்று போட்டிருக்கிறதா, “கருதுகின்றன” என்று போட்டிருக்கிறதா? புரிந்துணர்வுக் குறிப்பு என்று தலைப்பு வைத்தால் மட்டும் அது கட்டுப்படுத்தாமல் போய்விடாது.

ஒரு கற்பனையையும் உடைத்துவிடுகிறேன். ஹேக்கில் அங்கியணிந்து எழுந்து நின்று வாதாடுவது நீங்களாக இருக்கும் வாய்ப்பு குறைவு. பத்து பூத்தே வழக்கில் மலேசியாவுக்காக வாதாடியவர்களில் எலிஹு லாட்டர்பாக்ட், ஜேம்ஸ் கிராஃபோர்டு போன்ற வெளிநாட்டு நிபுணர்கள் இருந்தார்கள். நாட்டின் முகவராக இருந்தவர் டான்ஶ்ரீ அப்துல் காதிர் முகமது என்ற மூத்த அரசதந்திரி. ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டுவது, நிபுணர்களுக்குக் கேள்வி எழுதிக் கொடுப்பது, எதை ஒப்புக்கொள்ளலாம் என்று புத்ராஜெயாவில் அனுமதி வாங்குவது, இவைதான் உங்கள் பங்கு.

விலக்குரிமை விவகாரம் அடிக்கடி மேசைக்கு வரும். மலேசியாவில் அதற்கு மூன்று சட்டங்கள்: தூதர்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் 636, கான்சல்களுக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம் 595, அனைத்துலக அமைப்புகளுக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டம் 485. கோலாலம்பூர் வழக்கறிஞர் டத்தோ பரம் குமாரசாமியின் விவகாரத்தை முழுதாகப் படியுங்கள். நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்துக்கான ஐநா சிறப்பு அறிக்கையாளராக 1994இல் நியமிக்கப்பட்டவர். 1995இல் ஒரு சட்ட இதழுக்குக் கொடுத்த பேட்டிக்காக அவர்மேல் கோலாலம்பூரில் அவதூறு வழக்குகள் வந்தன. மொத்தம் 28 கோடி ரிங்கிட் இழப்பீடு கேட்டார்கள். அவர் பேசியது பதவி சார்ந்தே என்று ஐநா பொதுச்செயலாளர் குறிப்பு அனுப்பினார். வெளியுறவு அமைச்சு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த சான்றிதழோ, பதவி சார்ந்த செயல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பொதுச்செயலாளரின் குறிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. உயர் நீதிமன்றம் அவருக்கு விலக்கில்லை என்றது. விவகாரம் ஹேக் வரை போனது. 1999 ஏப்ரல் 29 அன்று வந்த கருத்துரை, விலக்கு உண்டு, பொதுச்செயலாளரின் முடிவை மலேசியா தன் நீதிமன்றங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், விலக்குக் கேள்வியை வழக்கின் வாசலிலேயே தீர்க்க வேண்டும் என்றது. ஒரு சான்றிதழில் விட்டுப்போன ஒரு வாக்கியம் அத்தனை தூரம் இழுத்தது.

விலக்குரிமை ஆளுக்குச் சொந்தமில்லை, அனுப்பிய நாட்டுக்குச் சொந்தம். கைவிடுவதென்றாலும் அந்த நாடுதான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது 1961 உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு. 2014இல் வெலிங்டனில் நம் தூதரக ஊழியர் ஒருவர் பாலியல் குற்றச்சாட்டில் கைதானபோது, விலக்கைக் கைவிடுமாறு நியூசிலாந்து முறைப்படி கேட்டது. கூடவே அந்நாட்டு அதிகாரிகள் முறைசாராமல் பேசியது, ஆளைத் திருப்பி அழைத்துக்கொண்டால் போதும் என்று நம் பக்கம் புரிந்துகொள்ளும்படி இருந்தது. அவர் ஊர் திரும்பினார், இரு நாட்டிலும் பெரிய சர்ச்சை வெடித்தது, அக்டோபரில் அவர் மீண்டும் அங்கே அனுப்பப்பட்டார். முறையான குறிப்பு ஒன்று சொல்ல, முறைசாராப் பேச்சு இன்னொன்று சொன்னால் இப்படித்தான் முடியும். இன்று அந்தப் பேச்சுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது.

2017இல் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தோம். பிப்ரவரி 13 அன்று கேஎல்ஐஏ2 விமான நிலையத்தில் வடகொரியத் தலைவரின் ஒன்றுவிட்ட அண்ணன் கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டார். காவல்துறை விசாரிக்கத் தேடியவர்களில் வடகொரியத் தூதரகத்தின் இரண்டாம் செயலாளரும் ஒருவர். சந்தேகம் எவ்வளவு இருந்தாலும் தூதரக வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் பிடிக்க முடியாது. மலேசியா கையில் எடுத்தது அதே உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு: வேண்டாத நபர் என்று அறிவித்து வடகொரியத் தூதர் வெளியேற 48 மணி நேரம் கொடுத்தது. பதிலுக்குப் பியோங்யாங், அங்கிருந்த ஒன்பது மலேசியர்களை வெளியேற விடாமல் நிறுத்திவைத்தது. மார்ச் கடைசியில் அவர்கள் வீடு திரும்ப, இங்கிருந்து உடலும் தூதரகத்தில் இருந்த, தேடப்பட்ட ஆட்களும் போனார்கள். நீதிமன்ற மனத்துக்கு இது கசக்கும். குற்றவியல் வழக்கில் சாட்சியை விட்டுக்கொடுத்து ஒன்பது பேரை மீட்பது தோல்வியா வெற்றியா என்று கேட்பவர்கள், இந்தத் தொழிலில் இரவில் தூங்கச் சிரமப்படுவார்கள்.

தூதரகச் சேவைப் பிரிவில், அதாவது கான்சுலர் வேலையில், உங்கள் அனுபவம் நேரடியாகப் பயன்படும். வெளிநாட்டில் மலேசியர் கைதானால், 1963 உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி அவர் கேட்டால் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும், அதிகாரி போய்ப் பார்க்கலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம். நீங்களே வழக்கறிஞராக நிற்க முடியாது. குடும்பத்தினர் இதைத்தான் முதலில் எதிர்பார்ப்பார்கள். ஈப்போ இளைஞர் ஒருவர் 42.72 கிராம் ஹெராயினுக்காகச் சிங்கப்பூரில் மரண தண்டனை பெற்ற வழக்கில், மலேசியப் பிரதமரே கடிதம் எழுதினார். ஆனாலும் 2022 ஏப்ரல் 27 அன்று தண்டனை நிறைவேறியது. கைதானவரின் அம்மாவிடம் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று முதல் நாளே தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த அதிகாரி அரிது. உங்கள் தமிழ் எங்கே பயன்படும் என்றால், முதலில் இங்கே. சென்னையில் மலேசியத் துணைத்தூதரகம் இருக்கிறது. கொழும்பும் சிங்கப்பூரும் இருப்பது தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாடுகளில். ஆனால் தமிழ் தெரிந்தவரைத் தமிழ் பேசும் ஊருக்கே அனுப்புவார்கள் என்ற விதி எதுவும் கிடையாது.

உடன்படிக்கை உள்நாட்டில் சட்டமாவது எப்படி என்பதில் வழக்கறிஞர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். அரசாங்கம் கையெழுத்திடலாம், ஆனால் நாடாளுமன்றம் சட்டமியற்றும் வரை அதை நீதிமன்றத்தில் நீட்ட முடியாது என்பது இங்குள்ள பொது நிலை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையில் மலேசியா 1995இல் சேர்ந்தது. 2011இல் நூர்ஃபடில்லா வழக்கில் உயர் நீதிமன்றம் அதற்கு எடை கொடுத்தது. 2014இல் ஏர் ஏசியா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டமியற்றாத உடன்படிக்கைக்கு வலு இல்லை என்றது. ஆகவே உடன்படிக்கை பேசும்போதே எந்த உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டும், மாநில அதிகாரத்தைத் தொடுகிறதா, சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர்கள் மன்றம் என்ன நினைக்கும் என்று பார்த்துவிட வேண்டும். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தில் 2019 மார்ச் 4 அன்று சேர்ந்து, ஏப்ரல் 29 அன்று விலகல் கடிதம் கொடுத்ததைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை. சாசனத்தின் வாசகம் சரியாக இருந்தது. வீட்டில்தான் யாரும் தயாராக இல்லை.

உங்களுக்கு முன் போனவர்கள் இருக்கிறார்கள். பத்து பகாட்டிலிருந்து 1955இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வழக்கறிஞர் எஸ். செல்வசிங்கம் மெக்கின்டயர், சுதந்திர மலாயாவின் முதல் ஹைகமிஷனராக இந்தியா போனார். பின்னர் திரும்பி வந்து நீதிபதியானார். கோலாலம்பூரில் பிரேடல் அண்ட் ரமணி நிறுவனத்தின் ராதாகிருஷ்ண ரமணி, ஐநாவில் மலேசியாவின் நிரந்தரப் பிரதிநிதி. 1965 மே மாதம் பாதுகாப்பு மன்றத்தின் தலைவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தபோதுதான் டொமினிக்கன் நெருக்கடி வந்து, போர்நிறுத்தம் கோரும் 203ஆம் தீர்மானம் நிறைவேறியது. சிங்கப்பூரில் எஸ். ஜெயக்குமார் சட்டப் பேராசிரியர். 1971 முதல் 1974 வரை ஐநா பிரதிநிதி, பிறகு சட்டத்துறைக்கே திரும்பி, பின்னாளில் வெளியுறவு அமைச்சர். இவர்கள் எல்லாரும் பக்கவாட்டில் நுழைந்தவர்கள். புது நாடுகளுக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. இன்று அந்த வாசல் அரசியல் நியமனமாகச் சுருங்கிவிட்டது. 29 வயதில் அதை நம்பி உட்காரக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியவை. எஸ்பிஎம் சான்றிதழை எடுத்து மலாய்மொழிக் கிரெடிட் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்; இல்லையென்றால் அந்தத் தாளை மட்டும் திரும்ப எழுதலாம். எஸ்பிஏ பதிவைத் திறந்துவையுங்கள், அழைப்பு வரும்வரை அலுவலகத்தில் சொல்ல வேண்டாம். பத்து பூத்தே தீர்ப்பில் 1953 கடிதத்தைப் பற்றிய பகுதியை எடுத்து, அதை அமைச்சருக்கு மலாயில் ஒன்றரைப் பக்கக் குறிப்பாக எழுதிப் பாருங்கள், பரிந்துரை முதல் பத்தியில் வரும்படி. எழுதும்போதே அலுப்புத் தட்டினால் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் கட்சிக்காரர் கணக்கை முடிக்க வேண்டும். நிலுவை வழக்குகளை வேறு வழக்கறிஞரிடம் ஒப்படைக்கக் குறைந்தது இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தொழில் சான்றிதழ் டிசம்பர் 31 வரைதான். புதுப்பித்துப் பணம் கட்டிய மறுமாதம் நியமனம் வந்தால், கட்டிய பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.